நல்ல முறையை வகுப்பில் நிலைக்கவைப்பது எப்படி? குமரி மாவட்டப் பள்ளிகளுக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆரம்பமாகிவிடும். வட்டார வள மையத்தில் ஒரு பயிற்சி, கையில் ஒரு மாட்யூல், புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழு, அடுத்த வாரமே அந்தக் குழுவில் "செயல்படுத்திய புகைப்படத்தை மாலை நாலு மணிக்குள் பதிவிடவும்" என்று ஒரு செய்தி. படம் போய்விடும். ஐப்பசி மழை வருவதற்குள் அந்த முறை வகுப்பிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். பெரும்பாலும் முறையில் தப்பு இருக்காது, அதை வகுப்புக்குள் கொண்டுவந்த விதத்தில்தான் இருக்கும். ஒரே ஒரு நல்ல மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, அது ஒரு வருடம் தாண்டியும் பள்ளியில் நிற்க என்ன செய்யவேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். தலைமையாசிரியர்களுக்கும், "நம்ம வகுப்புலயாவது செஞ்சு பாப்போமே" என்று நினைக்கிற ஆசிரியர்களுக்கும் இது உதவலாம்.

முறை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது

இதற்குப் பீகாரிலிருந்து ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பார்க்காமல், அவர்கள் எந்த அளவு வாசிக்கிறார்களோ அந்த அளவில் குழுவாக்கிக் கற்பிக்கும் முறையைப் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பல மாநிலங்களில் கொண்டுபோனது. 2019-ல் பொருளாதார நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அவர்களோடு வேலை செய்தவர்களும் அதைப் பல தடவை சோதித்துப் பார்த்தார்கள். 2008-ல் பீகாரில் கோடை விடுமுறை முகாமில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே இந்த முறையில் சொல்லிக்கொடுத்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். அதே முறைக்கான பயிற்சியையும் பொருட்களையும் கொடுத்துவிட்டு, வழக்கமான பள்ளி நாட்களில் செய்யச் சொன்னபோது எதுவும் மாறவில்லை. ஆசிரியர்களும் அரசு ஆசிரியர்கள்தான், முறையும் அதேதான், பள்ளி நாட்களில் பாடப்பகுதியை முடிக்கும் ஓட்டம் அதை விழுங்கிவிட்டது. பிறகு ஹரியானாவில் 2012-13-ல் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். தினமும் இதற்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள், அந்த நேரத்தில் வகுப்பைக் கலைத்து நிலைவாரியாக உட்காரவைத்தார்கள், மேற்பார்வை செய்யவேண்டியவர்களை முதலில் சில நாள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தச் சொன்னார்கள். அங்கே மொழிப்பாடத்தில் பலன் தெரிந்தது.

ஹரியானாவில் கூடவே இன்னொன்றையும் சோதித்தார்கள். நமக்கு நன்றாகப் பழக்கமான தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு, அதாவது சிசிஇ. அதில் பலன் ஒன்றும் தெரியவில்லை. 2012-13-ல் நம்மிடம் முப்பருவ முறையோடு வளரறி (அ), வளரறி (ஆ), தொகுத்தறி என்று மதிப்பீடுகள் வந்தபோது பதிவேடுகளை நிரப்பியே கை ஓய்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மதிப்பெண்ணை எழுதிவைப்பது ஒரு வேலை, அதைப் பார்த்துவிட்டு நாளைக்கு வேறு விதமாகச் சொல்லிக்கொடுப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்கு யாரும் நேரம் தரவில்லை.

மத்தியப் பிரதேசத்தில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். ஒவ்வொரு பள்ளியையும் மதிப்பிட்டு, அதற்கேற்ற முன்னேற்றத் திட்டம் எழுதவைக்கும் பெரிய ஏற்பாடு. மதிப்பீடு நடந்தது, திட்டங்களும் அழகாக எழுதப்பட்டன. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் ஆராய்ந்து பார்த்ததில் வகுப்பறையிலும் சரி, பிள்ளைகளின் கற்றலிலும் சரி, மாற்றமே இல்லை. ஆனால் காகிதத்தில் வெற்றியாகத் தெரிந்ததால் அதே மாதிரி நாட்டின் பல லட்சம் பள்ளிகளுக்குப் பரவியது.

முதலில் பிள்ளைகளிடம் போங்கள்

எந்த முறை என்று யோசிப்பதற்கு முன்னால் எந்தப் பிரச்சினை என்று பார்க்கவேண்டும். நம் மாவட்டத்தில் இதற்குக் குறுக்கே நிற்பது ஒரு பெருமைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். இருநூறு வருடத்துக்கும் முன்பே மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கிய மண் என்றெல்லாம் பேசுவோம். எல்லாம் உண்மைதான். ஆனால் கணக்கெடுப்பு என்பது வீட்டுக்காரர் சொன்ன பதில், ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாரையும் சேர்த்து எடுத்தது. உங்கள் ஆறாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பையன் ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்கிறானா என்பதை அந்த எண் சொல்லாது.

அதனால் ஒரு மத்தியானம் ஒதுக்கி, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து, சொல், சின்னப் பத்தி, அரைப்பக்கக் கதை என்று நாலு தாள் போதும். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் அசர் கணக்கெடுப்பில் 2005-லிருந்து இப்படித்தான் பார்க்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு அஞ்சு நிமிடம்கூட ஆகாது. கணக்கு என்றால் கடன்வாங்கிக் கழித்தல், ஒரு வகுத்தல். மேல்வகுப்பு என்றால் போன மாதம் நடத்திய பாடத்திலிருந்து நாலு சின்னக் கேள்வி, முன்னறிவிப்பு இல்லாமல். பேனாவும் தாளும் உங்கள் கையிலேயே இருக்கட்டும், இதைக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டியதில்லை, யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

பார்க்கும்போது வீட்டையும் மனதில் வையுங்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போய்விட்டால் காலையில் பிள்ளையை எழுப்பி உட்காரவைக்க ஆளிருக்காது. தூத்தூர்ப் பக்கம் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் எப்போது திரும்புவார் என்று சொல்லமுடியாது. விளவங்கோட்டில் பல வீடுகளில் பேச்சில் பாதி மலையாளம். பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வந்து சேருவதே பெரும்பாடு. "வீட்டில் அம்மா தினமும் பத்து நிமிடம் கூட உட்கார்ந்து வாசிக்கவேண்டும்" என்பதையே அடிப்படையாக வைத்த முறை, ஆய்வில் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், இந்த வீடுகளில் தொடங்குமுன்பே படுத்துவிடும்.

தொடக்கப் பள்ளிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது மேலே சொன்ன நிலைவாரிக் கற்பித்தல் யோசனைதான். அதற்கு மேல் புதிதாக ஒன்றைக் கொண்டுவராதீர்கள். அந்தப் பிரிப்பு உண்மையாகவே நடக்கிறதா, அரும்பில் உட்கார்ந்த பிள்ளை மொட்டுக்கு நகர்கிறதா, இல்லை ஜூனில் போட்ட இடத்திலேயே மார்ச் வரைக்கும் கிடக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒன்றைச் சரிசெய்தாலே ஒரு வருட வேலை.

ஆய்வு சொன்னது யாருடைய வகுப்பைப் பற்றி?

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் நான் அதிகம் பார்த்த பிரச்சினை, நடத்தியது தங்காமல் போவது. அதனால் இனி வரும் பகுதிக்கு ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: பாடத்தின் தொடக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்து, முன்பு படித்ததை ஞாபகத்திலிருந்து எழுதச் சொல்வது.

2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நாலு தடவை வாசித்தது. இன்னொரு குழு ஒரு தடவை மட்டும் வாசித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. அஞ்சு நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே மேல், 83-க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. நம்முடைய "பத்து தடவ வாசி மக்களே" எங்கே தோற்கிறது என்று இதில் தெரிகிறது. நாளைக் காலை ஒப்பிக்க அது போதும், காலாண்டுத் தேர்வு வரை தாங்காது.

ஆனால் அது அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள், சரளமாக வாசிக்கிறவர்கள். உங்கள் வகுப்பில் வாசிப்பே தடுமாறும் பிள்ளைகள் ஆறு பேர் இருந்தால் அவர்களுக்கு முதலில் தேவை வேறு. எந்த ஆய்வைக் கேள்விப்பட்டாலும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: எந்த வயதுப் பிள்ளைகள், ஒரு வகுப்பில் எத்தனை பேர், யார் நடத்தினார்கள், அவர்களுக்குக் கூடுதலாக என்ன உதவி கிடைத்தது, அந்த உதவி நமக்கு உண்டா? இங்கிலாந்தில் 2011-ல் தொடங்கிய எஜுகேஷன் எண்டோமென்ட் பவுண்டேஷன், எந்த அணுகுமுறை எத்தனை மாத முன்னேற்றம் தருகிறது என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் அதில் இருப்பது பல ஆய்வுகளின் சராசரி. முஞ்சிறையில் உங்கள் எட்டாம் வகுப்புக்கு அப்படியே வரும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

மாறக்கூடாததை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

எனக்குத் தெரிந்து எல்லாரும் தாண்டிப் போகும் படி இதுதான். எந்த முறைக்கும் ஒரு உயிர் இருக்கும், அதைச் சுற்றி வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடிய சங்கதிகள் இருக்கும். எது எது என்று முன்கூட்டியே பேசி எழுதவில்லை என்றால் ஆளாளுக்கு மாற்றுவார்கள், கடைசியில் பெயர் மட்டும் மிஞ்சும்.

ஞாபகக் கேள்வி முறைக்கு நான் எழுதும் பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும். புத்தகமும் நோட்டும் மூடியிருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் எழுதவேண்டும், விடையை வாயால் சொல்வது கணக்கில் இல்லை. நாலு கேள்வியில் இரண்டு நேற்றையது, ஒன்று போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. எழுதி முடித்த உடனே விடையைச் சொல்லி, அவரவர் தாளை அவரவரே திருத்தவேண்டும். மதிப்பெண் கிடையாது, யார் எத்தனை சரி என்று கேட்பதும் கிடையாது. மொத்தம் எட்டு நிமிடம். இவ்வளவுதான் மாறக்கூடாதது.

மற்றதெல்லாம் ஆசிரியர் இஷ்டம். எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒரு நாள் கேள்விகள் இப்படி இருக்கலாம்: குவியாடி வண்டியில் எங்கே இருக்கிறது, குழியாடி எதற்குப் பயன்படுகிறது, பரப்பு குறைந்தால் அழுத்தம் என்ன ஆகும், மின்னோட்டத்தின் அலகு என்ன. மூன்றாவது கேள்வியைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி ஆணியை வைத்துக் கேட்கவேண்டும் என்றில்லை. திருவட்டாரில் இருக்கிறவர் "ரப்பர் பால் வெட்டுற கத்தி மழுங்கினா ஏன் அதிகமா அழுத்த வேண்டியிருக்கு?" என்று கேட்கட்டும். குளச்சலில் தூண்டில் முள்ளை வைத்துக் கேட்கட்டும். ரஃப் நோட்டில் எழுதுவதா, துண்டுத் தாளிலா, சிலேட்டிலா, கரும்பலகையில் கேள்வி எழுதுவதா, வாயால் சொல்வதா, எல்லாம் அவரவர் வசதி. அந்தச் சின்னச் சுதந்திரம் இருந்தால்தான் ஆசிரியர் அதைத் தன்னுடையதாக நினைப்பார்.

இப்போது இது எப்படிக் கெடும் என்றும் பார்ப்போம், ஏனென்றால் கட்டாயம் கெடும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு ஆசிரியருக்கு "மார்க் போடலன்னா புள்ளைங்க சீரியஸா எடுக்காது" என்று தோன்றும். மார்க் வந்ததும் அது பழைய ஸ்லிப் டெஸ்ட் ஆகிவிடும், பக்கத்தில் பார்த்து எழுதுவது தொடங்கிவிடும், போன மாதத்து அலகை மறந்துபோன பிள்ளை யோசிப்பதற்குப் பதில் திருட்டுமுழி முழிக்கும். இன்னொரு வகுப்பில் நேரம் போதவில்லை என்று எழுதவைக்காமல் வாயாலேயே பதில் கேட்பார்கள், முதல் பெஞ்சில் நாலு பேர் பதில் சொல்வார்கள், ஆசிரியருக்கு வகுப்பே ஞாபகம் வைத்திருக்கிற மாதிரி ஒரு திருப்தி. மூன்றாவதில் விடை விளக்கம் நீண்டு நீண்டு அரை பீரியட் போய்விடும், அப்புறம் "இதால போர்ஷன் முடியல" என்ற பேச்சு வரும். நாலாவது கொஞ்சம் நுட்பமானது: நாலு கேள்வியும் நேற்றைய பாடத்திலிருந்தே வரும். பிள்ளைகள் நன்றாக எழுதுவார்கள், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மறந்துபோக ஆரம்பித்ததைத் தேடி எடுக்கிற சிரமத்தில்தானே பலனே இருக்கிறது, அது போய்விட்டது. இந்த நாலையும் அந்தப் பக்கத்தின் அடியிலேயே "இப்படி நடந்தால் வழிதவறிவிட்டோம்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

எதை நிறுத்தப் போகிறீர்கள்?

நாற்பது நிமிடப் பீரியடில் எட்டு நிமிடம் எங்கிருந்து வரும்? இதற்குப் பதில் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். பீகாரில் நடந்ததும் இதுதான், புதியது பழையதின் மேல் ஏற்றப்பட்டது, பழையது எதுவும் இறங்கவில்லை.

நம் பள்ளிகளில் இறக்கிவைக்கக்கூடியது நிறைய உண்டு. வினா விடையைக் கரும்பலகையிலிருந்து நோட்டில் அப்படியே பார்த்து எழுதுவது எத்தனை பீரியடைத் தின்கிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். அதில் பாதியைக் குறைத்தாலே இந்த எட்டு நிமிடம் கிடைத்துவிடும். ஆனால் நோட்டு நிறையாவிட்டால் விசிட்டுக்கு வரும் அதிகாரி என்ன சொல்வாரோ என்று ஆசிரியருக்குப் பயம் இருக்கும், அது நியாயமான பயம். அதனால் தலைமையாசிரியர் ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லார் முன்னிலையிலும், "இந்த வருஷம் எட்டாம் வகுப்பு அறிவியல் நோட்டு மெலிஞ்சிருக்கும், யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று சொல்லி, மினிட்ஸ் புத்தகத்திலும் ஏற்றிவிடவேண்டும். உதவிபெறும் பள்ளி என்றால் தாளாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நம் மாவட்டத்தில் உதவிபெறும் பள்ளிகள் ஏராளம், அங்கே நிர்வாகத்துக்கு ஒரு விஷயம் பெற்றோர் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தால் அது வேறு மாதிரி கதையாகிவிடும்.

நம்ம ஊர்க் காலண்டரில் குறியுங்கள்

மாநில அளவில் போடும் அட்டவணையில் எல்லா மாதமும் ஒரே மாதிரி இருக்கும். நமக்கு அப்படி இல்லை. ஜூனில் தென்மேற்கு மழை, சேர்க்கை, புத்தக விநியோகம், மாறுதல் கலந்தாய்வு முடிந்து ஆள் வருவதும் போவதும். செப்டம்பரில் காலாண்டு, அதை ஒட்டி முன்னாலோ பின்னாலோ ஓணம். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழைக்கு எத்தனை நாள் விடுமுறை வரும் என்று யாருக்குத் தெரியும். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, அப்புறம் அரையாண்டு, மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம், கிறிஸ்துமஸ், பொங்கல். மாசியில் சிவாலய ஓட்டம், அய்யா வைகுண்டர் அவதார தினம், மண்டைக்காடு கொடை, அதற்குள் பொதுத்தேர்வுக் காய்ச்சல். மாவட்டத்தில் இரண்டு மழையும் உண்டு, மூன்று மத விழாவும் உண்டு. இதில் தொடர்ச்சியாக வகுப்பு நடக்கும் காலம் என்று பார்த்தால் ஜூலை, ஆகஸ்ட், பிறகு அக்டோபரில் கொஞ்சம், ஜனவரி பின்பாதி, பிப்ரவரி.

அதனால் ஜூனில் தொடங்காதீர்கள். ஜூனில் அந்த ஒரு பக்கத்தை எழுதுங்கள், கேள்விகளைத் தயார்செய்யுங்கள். ஜூலையில் ஒரே ஒரு வகுப்பு, ஒரே பாடம், ஒரே ஆசிரியர். ஆகஸ்ட் கடைசியில் உட்கார்ந்து பேசுங்கள். காலாண்டு முடிந்து வந்ததும் இன்னொரு ஆசிரியர் சேரட்டும். நவம்பர், டிசம்பரில் விரிவாக்கவே வேண்டாம், மழை விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் நாலு கேள்வி விடாமல் நடந்தால் அதுவே போதும். சொல்லப்போனால் ஒரு வாரம் பள்ளி இல்லாமல் திரும்பி வரும் நாள்தான் இந்த முறைக்கு மிகப் பொருத்தமான நாள். மற்ற வகுப்புகளுக்குப் பரப்புவதை ஜனவரிக்கோ அடுத்த ஜூலைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் தெரியும், பரவாயில்லை.

பெற்றோரிடம் பேசுவதற்கும் இதே மாதிரி நாள் பார்க்கவேண்டும். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நம் மாவட்டத்தில் இரண்டும் உண்டு. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் அப்பாமார் பள்ளிக்கு வரமுடிகிற காலம் ஜூலைதான், பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பேசவேண்டும் என்றால் அப்போது பேசுங்கள். ரப்பர்ப் பகுதியில் காலை ஒன்பதரைக்குக் கூட்டம் வைத்துவிட்டு "பெற்றோருக்கு அக்கறையே இல்ல" என்று அலுத்துக்கொள்வது சரியில்லை. அந்த நேரத்தில் அவர்கள் பால் எடுத்து ஷீட் அடித்துக்கொண்டிருப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் வைத்தால் வருவார்கள்.

ஸ்டாஃப் ரூமில்

எல்லாப் பள்ளியிலும் ஒரு மூத்த ஆசிரியர் இருப்பார். நீங்கள் பேசி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சொல்வார், "சாரே, ஏபிஎல் வந்தப்ப பாய் விரிச்சு உக்காந்தோம், ஏணிப்படி ஒட்டினோம், அட்டை அடுக்கினோம். அதுக்கப்புறம் சிசிஇ. இப்ப இது. நீங்க சின்னப் பிள்ளை, பாருங்க."

இவரை எதிரியாக நினைக்கவே கூடாது. அவர் சொல்லும் ஏபிஎல், அதாவது அட்டைகளை வைத்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல், 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில வருடத்தில் மாநிலம் முழுக்கப் போனதை அவர் உள்ளே இருந்து பார்த்தவர். அது எங்கே தேய்ந்தது என்று அவருக்குத் தெரியும்: அட்டை கிழிந்தால் மாற்று வரவில்லை, பெற்றோர் "புத்தகம் படிக்கிறதில்லையா" என்று கேட்டார்கள், ஒரே ஆசிரியரிடம் பல வகுப்புப் பிள்ளைகள். அவரிடமே கேளுங்கள்: "சார், இது எங்க போய் நிக்கும்னு நினைக்கீங்க?" அவர் சொல்வதில் மூன்றில் இரண்டு உங்கள் பக்கத்தில் எழுதவேண்டியதாக இருக்கும். "இதெல்லாம் நாங்க அந்தக் காலத்திலேயே செஞ்சதுதான்" என்றும் சொல்வார். உண்மையாகவே செய்திருப்பார், கேள்வி கேட்டுவிட்டுப் பாடம் தொடங்குவது புதிதா என்ன? அப்படியானால் அவர் வகுப்பிலேயே முதலில் தொடங்கலாம்.

பயிற்சி என்று ஒரு நாள் முழுக்கப் பேசுவதைவிட, ஒருவர் செய்வதை மற்றவர் பார்ப்பது நல்லது. ஆசிரியருக்குப் பக்கத்திலிருந்து கைகொடுக்கும் வழிகாட்டலைப் பற்றி வந்த 60 ஆய்வுகளைச் சேர்த்து 2018-ல் க்ராஃப்ட் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் பார்த்ததில், கற்பிக்கும் விதத்திலும் பிள்ளைகளின் கற்றலிலும் முன்னேற்றம் இருந்தது. ஆனால் ஆசிரியர் எண்ணிக்கையைப் பெருக்கி விரிவாக்கியபோது பலன் இறங்கியது. நம் பள்ளியில் இருப்பது பத்துப் பதினைந்து பேர், அந்தச் சின்ன அளவு நமக்குச் சாதகம். ஒருவர் ஃப்ரீ பீரியடில் மற்றவர் வகுப்பின் பின்பெஞ்சில் முதல் பத்து நிமிடம் மட்டும் உட்கார்ந்துவிட்டு வரட்டும். குறிப்பு நோட்டு வேண்டாம், படிவம் வேண்டாம். அப்புறம் டீ குடிக்கும்போது ஒரே ஒரு விஷயம் சொல்லட்டும்: "டீச்சர், நாலாவது கேள்விக்குப் பின்னாடி இருந்த மூணு பேர் பேனாவே எடுக்கல." அவ்வளவு போதும். வட்டார வள மையத்து ஆசிரியப் பயிற்றுநர் நல்லவராக அமைந்தால் அவரையும் ஒரு தடவை கூப்பிடலாம். தேரூரில் நம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, செயலாய்வு செய்ய விருப்பமுள்ளவர்கள் அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

எதைப் பார்ப்பது, எதை எழுதாமல் விடுவது

நடக்கிறதா என்று ஒன்று, பலிக்கிறதா என்று ஒன்று, இரண்டையும் குழப்பாதீர்கள். நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள வாரம் ஒரு நாள் ஐந்து பிள்ளைகளின் ரஃப் நோட்டை வாங்கிப் பார்த்தால் போதும். முதல் பெஞ்சிலிருந்து வாங்காதீர்கள். தேதி தொடர்ச்சியாக இருக்கிறதா, நாலு கேள்வி இருக்கிறதா, பிள்ளையே திருத்திய தடம் இருக்கிறதா? எல்லா நோட்டிலும் எல்லா விடையும் சரியாக இருந்தால் சந்தேகப்படுங்கள், கேள்வி ரொம்பச் சுலபம் அல்லது பார்த்து எழுதுகிறார்கள்.

பலிக்கிறதா என்பதற்குத் தொடக்கத்தில் முன்னறிவிப்பில்லாமல் வைத்த அந்த நாலு கேள்வி மாதிரியே ஆகஸ்ட் கடைசியிலும் ஜனவரியிலும் வேறு நாலு கேள்வி வையுங்கள், ஒரு மாதத்துக்கு முன் நடத்தியதிலிருந்து. முடிந்தால் அதே ஆசிரியர் எடுக்கும் இன்னொரு பிரிவில், இந்த முறை நடக்காத பிரிவில், அதே கேள்வியை வைத்துப் பாருங்கள். சராசரியை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். கடைசியில் இருந்த ஆறு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். கென்யாவில் பாடப்புத்தகம் இலவசமாகக் கொடுத்துச் சோதித்தபோது ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் பலன் கிடைத்தது, மற்றவர்களுக்கு அந்தப் புத்தகத்தை வாசிப்பதே கஷ்டமாக இருந்தது. உங்கள் வகுப்பிலும் அப்படித்தான் என்றால் அந்த ஆறு பேருக்கும் வாசிப்பைத் தனியாகக் கவனிக்கவேண்டும், ஞாபகக் கேள்வியைக் கூட்டிப் பயனில்லை.

இதற்கென்று புதிய ரெஜிஸ்டர் போடவேண்டாம் என்று தலைமையாசிரியர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். ரெஜிஸ்டர் வந்த மறுநாளே ஆசிரியரின் கவனம் பிள்ளையிடமிருந்து ரெஜிஸ்டருக்குப் போய்விடும்.

ஆள் மாறும்போது, நிறுத்தும்போது

ஒரே ஆசிரியரின் உற்சாகத்தில் ஓடும் எந்த மாற்றமும் அவர் கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போகும் நாளில் முடிந்துவிடும். தேர்தல் வேலை, மகப்பேறு விடுப்பு, பதவி உயர்வு என்று எதுவும் வரலாம். அதனால் எப்போதும் குறைந்தது இரண்டு பேருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கேள்விகளைப் பாடவாரியாக ஒரு நோட்டில் சேர்த்து வையுங்கள், வருபவர் முதல் மாதம் அதையே பயன்படுத்தட்டும். வந்த முதல் வாரத்திலேயே அவரை ஒரு பீரியட் பின்பெஞ்சில் உட்காரவையுங்கள். பிள்ளைகளுக்குப் பழக்கமாகிவிட்டால் அவர்களே ஞாபகப்படுத்துவார்கள், "டீச்சர், இன்னைக்கு நாலு கேள்வி கேக்கலியே" என்று. அந்தக் குரல் வகுப்பிலிருந்து வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எப்போது நிறுத்துவது என்பதையும் தொடங்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, ஜூலையிலிருந்து ஜனவரி வரை ஒழுங்காக நடந்தும் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை என்றால் விட்டுவிடலாம். ஒழுங்காக நடக்கவே இல்லை என்றால் முறையைக் குறை சொல்லாமல், எந்த வாரத்திலிருந்து நழுவியது என்று பார்த்து அதைச் சரிசெய்து இன்னொரு தடவை. நிறுத்துவது என்று முடிவானால் ஸ்டாஃப் மீட்டிங்கில் வெளிப்படையாகச் சொல்லி நிறுத்துங்கள், ஏன் என்று அந்த மூத்த ஆசிரியர் உட்பட எல்லாருக்கும் தெரியட்டும். இல்லாவிட்டால் அடுத்து நீங்கள் எதைக் கொண்டுவந்தாலும் "இதுவும் தானா நின்னுரும்" என்று காத்திருப்பார்கள்.

நன்றாக நடந்து, பக்கத்துப் பள்ளியிலிருந்து யாராவது கேட்டால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். ஒரு நாள் வந்து வகுப்பில் உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் மொத்தமே பன்னிரண்டு பிள்ளைகள் என்றாலோ, ஒரே ஆசிரியர் இரண்டு பாடம் எடுக்கிறார் என்றாலோ நம் பள்ளிக்கென்று எழுதிய எட்டு நிமிடத்தையும் கேள்வி எண்ணிக்கையையும் அவர்களே மாற்றிக்கொள்வார்கள். புத்தகம் மூடியிருப்பதையும், எல்லாரும் எழுதுவதையும், போன மாதத்துக் கேள்வியையும், உடனே திருத்துவதையும், மார்க் போடாமல் இருப்பதையும் மட்டும் தொடவேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.